நிரையும் புள்ளியும்: லிங்கித் தோட்டப்புறமும் தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் இடஞ்சார் சிந்தனையும்

முன்னுரை

மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதியோர் பள்ளிகளின் எண்ணிக்கை, ஆசிரியர் பயிற்சி, பாடநூல், அரசின் கொள்கை, மொழியுரிமை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அப்பள்ளிகளில் கணிதம் எத்தகைய சிந்தனையாகக் கற்பிக்கப்பட்டது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. கணிதம் மொழி கடந்த பாடம். அதில் ஆராய வரலாறு ஏதுமில்லை என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். அவ்வெண்ணம் சரியன்று என்பதே நம் கருத்து. ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு எந்தக் கணிதம் தரப்பட்டது, எது தரப்படவில்லை என்பது அச்சமூகத்தை ஆட்சியும் முதலாளியும் எவ்விடத்தில் வைத்து நோக்கினர் என்பதைக் காட்டும்.

இக்கட்டுரை இடஞ்சார் சிந்தனை என்னும் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு வடிவத்தை மனத்துள் திருப்பிப் பார்த்தல், விரித்தல், மடித்தல், பகுத்துச் சேர்த்தல், தொலைவும் திசையும் சாய்வும் உணர்தல் ஆகியவற்றை நாம் இச்சொல்லால் குறிக்கிறோம். அச்சிந்தனையை வளர்க்கும் வழியாக இன்று பரிந்துரைக்கப்படுவது ஆய்ந்தறி செயற்பாடு ஆகும். விடையும் வழியும் முன்கூட்டிச் சொல்லப்படாமல், மாணவர் தாமே வரைந்தும் மடித்தும் எண்ணியும் ஓர் ஒழுங்கைக் கண்டு, அது ஏன் அவ்வாறு அமைகிறது என்று காரணம் கூற முற்படும் பணியே ஆய்ந்தறி செயற்பாடு.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் லிங்கி வட்டாரத்தை நாம் களமாகக் கொள்கிறோம். தோட்டத்தின் நிலமும் தொழிலும் வீட்டு வாசலும் வடிவியலால் நிறைந்திருந்தும், தோட்டப் பள்ளி அதனைக் கணிதமாக ஏற்கவில்லை. ஏற்காமைக்குக் காரணம் பிள்ளைகளின் திறன் குறைவன்று, பள்ளி அமைக்கப்பட்ட நோக்கமே என்பது இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்து.

லிங்கி நிலமும் அதன் அளவைகளும்

லிங்கி ஆறு சிரம்பான் பகுதியின் நீரைத் திரட்டி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதி நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக அமைகிறது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வாறு சுங்கை ஊஜோங் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுசென்ற வழி. ஆற்றுப் போக்குவரத்தைத் திறந்துவைப்பதும் 1874ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சுங்கை ஊஜோங்குடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பொருளாக இருந்தது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டபின் ஆற்றுவழியின் முதன்மை குறைந்தது. காப்பித் தோட்டங்கள் இருந்த இப்பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பரவியது. எல்லைக்கு அப்பால் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் 1896இல் இரப்பரை வணிகப் பயிராக நட்டிருந்தார். லின்சம், சிலியாவ், பிராட்வால், சுவா பெத்தோங் என இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் தோட்டப் பெயர்களையே தாங்கி வந்துள்ளமை, பள்ளியும் தோட்டமும் ஒன்றாகவே பிறந்தன என்பதற்குச் சான்று.

இரப்பர்த் தோட்டம் என்பது காட்டை அழித்து அவ்விடத்தில் வரையப்பட்ட ஒரு வடிவியல் வரைபடம். நிலத்தை அளந்து, கயிறு பிடித்து, முளையடித்து, நிரை நிரையாகக் கன்று நட்டனர். மரத்துக்கு மரம் 20 அடி என்று சதுர முறையில் நட்டால் ஒரு மரத்திற்கு 400 சதுர அடி. 43,560 சதுர அடி கொண்ட ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 108 மரங்கள். சில இடங்களில் நிரைகளுக்கு இடையே அகலத்தைக் கூட்டி, நிரைக்குள் மரங்களை நெருக்கி நட்டனர். மேட்டு நிலத்தில் நேர்நிரை பயன்படாது. மழைநீர் மண்ணை அரித்துவிடும். அங்கே ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துக் குன்றைச் சுற்றிப் படிவெட்டினர். கூலிக்கு அப்படியை வெட்டிய தொழிலாளி, சமவுயரக் கோடு என்னும் கருத்தை மண்வெட்டியால் அறிந்தவர்.

பால்வெட்டு அதனினும் நுட்பமானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 முதல் 600 மரங்கள் வரை வெட்ட வேண்டிய தொழிலாளி, ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குள், உட்படலம் காயப்படாமல் சீவ வேண்டும். மரத்தை நோக்கி நிற்பவரின் இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும், ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு அவ்வெட்டு அமையும். பாற்குழாய்கள் மரத்தினுள் சற்றே சாய்ந்து மேலேறுவதால் இச்சாய்வு மிகுதியான குழாய்களை அறுக்கிறது. வளைந்த பரப்பின்மீது நாள்தோறும் மாறாச் சாய்வில் ஒரு கோடு கீறுவது எளிய செயலன்று.

லயத்து வாசலிலோ பெண்கள் கோலம் இட்டனர். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்னும் இருவகைப் புள்ளியடுக்கும், புள்ளிகளைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் சிக்குக் கோலமும் தமிழகத்திலிருந்து அவர்களுடன் வந்தவை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வறிவைப் போற்றும்போது அதன் விலையை மறத்தல் ஆகாது. பெற்றோருக்கு உதவியாக விடியலில் மங்கு துடைக்கவும் பால் சேர்க்கவும் சென்ற பிள்ளை, அவ்வறிவைப் பெற்றது பள்ளி நேரத்தை இழந்தே. தோட்டத்தில் இடஞ்சார் அறிவு இருந்தது என்பதும், அது வறுமையோடு பிணைந்திருந்தது என்பதும் ஒருங்கே உண்மை.

சட்டம் தந்த பள்ளி

நெகிரி செம்பிலான் மலாய்க் கூட்டு மாநிலங்களுள் ஒன்று. அம்மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு நிர்வாகத்தைப் பணிக்க வழிசெய்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் இக்கடமையைத் தொடர்ந்தது. கல்விச் சட்டத்தால் அன்றித் தொழிலாளர் சட்டத்தால் பிறந்தமையே இப்பள்ளிகளின் இயல்பை உறுதிசெய்தது. குடும்பத்தோடு வரும் தொழிலாளரை நிலைநிறுத்துவதற்கான வசதிகளுள் ஒன்றாகவே பள்ளி கருதப்பட்டது. கட்டடத்தையும் ஆசிரியரையும் பெயரளவில் வைத்துச் சட்டத்தை நிறைவேற்றிய தோட்டங்கள் பல. கங்காணியோ கிராணியோ ஓய்வு வேளையில் ஆசிரியராக இருந்ததும் உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தன. எழுத்து, வாசிப்பு, கணக்கு என்னும் மூன்றோடு படிப்பு முடிந்தது.

அக்கணக்குப் பாடத்திற்கு இரு வேர்கள். ஒன்று, திண்ணைப் பள்ளி மரபு. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்னும் வாய்பாடுகளைப் பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனத்தில் பதித்தனர். இம்மரபை வெறும் மனனம் என ஒதுக்குதல் பிழை என்பதை, 2022இல் வெளிவந்த நூலில் செந்தில் பாபு எடுத்துக்காட்டியுள்ளார். அங்கு நினைவாற்றல் என்பது கணிக்கும் முறையாகவே பயிற்றப்பட்டது. வாய்பாடுகள் ஊரின் நெல்லளவையோடும் நிலவளவையோடும் இணைந்திருந்தன. குழிமாற்று என்பது வர்க்க வாய்பாடு மட்டுமன்று, நிலத்தின் பரப்பைக் காணும் கருவியும் ஆகும். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் நிலம், நீர், மரம் பற்றிய கணக்குகள் பலவுள. பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்க வட்டத்தின் பரப்பு கிடைக்கும் என்ற விதியும் அதில் உண்டு.

இரண்டாவது வேர், காலனிய எண்கணிதம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வட்டி, விலை என்பன அதன் உள்ளடக்கம். தோட்டத்திற்கு வேண்டியது பற்றுவழி எழுதவும் பாலின் எடையைக் கூட்டவும் தெரிந்த சிலரே.

மலாயாவுக்கு வந்தபோது முதல் வேரும் தன் மண்ணை இழந்தது. குழியும் மாவும் நாழியும் மரக்காலும் வழங்கிய ஊரில் எண்சுவடி பொருளுடையது. ஏக்கரும் இறாத்தலும் வெள்ளியும் வழங்கிய தோட்டத்தில் அவ்வாய்பாடு ஓசையாக மட்டும் எஞ்சியது. மனனம் நின்றது, மனனம் எதற்குப் பயன்பட்டதோ அந்த நிலவளவை நீங்கியது. தோட்டப் பள்ளியின் மனப்பாடத்தைத் தமிழ் மரபின் குறையென்று கூறுவோர் இவ்வேறுபாட்டைக் கருதவேண்டும்.

சென்னையில் இருந்தும் லிங்கிக்கு வராதவை

ஆய்ந்தறி முறை மேலைநாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியான ஒன்று என்ற கருத்து ஆசிரியர்களிடையே பரவலாக உள்ளது. வரலாறு வேறுவகையாகச் சொல்கிறது. தொழிலாளர் கப்பலேறிய அதே சென்னை மாகாணத்தில், லிங்கியில் இரப்பர் பரவுவதற்கு முன்பே இம்முறை அச்சேறியிருந்தது.

1893இல் சென்னையில் த. சுந்தர ராவ் தாள்மடிப்பின்வழி வடிவியல் பயிற்றும் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஜெர்மானியக் கல்வியாளர் புரோபெல் வகுத்த குழந்தைப் பள்ளிக் கருவிகளுள் எட்டாவதான தாள்மடிப்பே தமக்குத் தூண்டுகோல் என்று அவர் குறித்துள்ளார். ஒழுங்கற்ற ஒரு தாளிலிருந்து சதுரத்தை மடித்தெடுப்பதில் தொடங்கும் அந்நூல், சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் எனச் சென்று, எண்தொடர்களையும் கூம்பு வெட்டு வளைவுகளையும் தாளின் மடிப்பாலேயே விளக்குகிறது. ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் தம் வடிவியல் விரிவுரைகளில் இந்நூலைச் சுட்டினார். 1901இல் சிக்காகோவில் அதன் மறுபதிப்பு வந்தது. ஒரு தாள் மட்டுமே கருவியாக வேண்டப்பட்ட இந்நூல், கருவியற்ற தோட்டப் பள்ளிக்கே எழுதப்பட்டது போன்றது. சிக்காகோவுக்குச் சென்ற நூல் லிங்கி போன்ற தோட்டங்களின் பாடத்தில் இடம்பெறவில்லை.

1939இல் மரியா மாண்டிசோரி பிரம்மஞான சங்கத்தின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்த அவர் 1946 வரை ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். வடிவச் சட்டங்களைக் கையால் தடவி, பொருத்தி, ஒப்பிட்டு உணரும் வழியை அவர் வகுத்திருந்தார். அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்கள் சப்பானிய ஆட்சியில் சிதைந்தன. சயாம் இரயில் பாதைக்குத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னையில் ஒரு கல்விமுறை வேரூன்றிய காலத்தில் இங்குப் பள்ளிக்கூடமே கேள்விக்குறியானது.

மூன்றாவது, 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் கோலத்தை இலக்கண விதிகளால் தோன்றும் வடிவ மொழியாக ஆராய்ந்தனர். 1974இல் வெளியான அவர்களது ஆய்வு, கணினி வரைவியல் துறையில் இடம்பெற்றது. 2002இல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் இவ்வாய்வுகளைப் பரந்த வாசகருக்கு அறிமுகப்படுத்தினார். லயத்து வாசலில் வரையப்பட்டது கணிதமே என்பது இவ்வாறு அறிவுலகில் நிலைபெற்றது. தோட்டப் பள்ளியோ கோலத்தைப் பொங்கல் விழாப் போட்டிக்கு உரியதாக வைத்திருந்தது.

இம்மூன்றும் கடல் கடக்காமைக்குத் தொலைவு காரணமன்று. பாடநூல் கடந்தது, செய்தித்தாள் கடந்தது, திரைப்படமும் கடந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியரும், எண்கணிதத்திற்கு அப்பால் இப்பிள்ளைகளுக்கு எதிர்காலம் உண்டு என எண்ணிய நிர்வாகமும் இல்லாமையே காரணம்.

பாடத்திட்டங்களின் வரவும் செலவும்

விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்து பொதுப் பாடத்திட்டத்திற்கு உட்படுத்தின. அப்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1970களில் தொடக்கப்பள்ளி அறிவியலுக்கும் கணிதத்திற்கும் சிறப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. செய்து கற்றல், கண்டறிந்து கற்றல் என்பன அதன்வழி இந்நாட்டுக் கல்வியில் இடம்பெற்றன. 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்தால் மெட்ரிக் முறையும் வந்தது. தோட்டத்து முதியோர் அடியிலும் ஏக்கரிலும் பேச, பிள்ளைகள் மீட்டரிலும் எக்டரிலும் கற்றனர். அளவையின் பெயர்களில் வீடும் பள்ளியும் மறுபடியும் பிரிந்தன.

1982இல் சோதித்துப் பார்க்கப்பட்டு 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்று அடிப்படைத் திறன்களை முதன்மைப்படுத்தியது. வடிவமும் வெளியும் பாடமாக இடம்பெற்றன. ஆயினும் வகுப்பறையில் அவை பெயரறிதலாகச் சுருங்கும் இயல்புடையவை. இது சதுரம், இது செவ்வகம், சதுரத்திற்கு நான்கு பக்கம் என்று கூறினால் பாடம் முடிந்தது. 1957இல் டச்சுக் கல்வியாளர்களான வான் ஹீலே இணையர் வகுத்த படிநிலைகளின்படி இது முதற்படி மட்டுமே. வடிவத்தின் பண்புகளைக் காண்பதும், ஒரு பண்பிலிருந்து மற்றொன்றை உய்த்துணர்வதும் அதற்கு மேற்பட்டவை. அப்படிகளை மாணவர் வயதால் தாமாகக் கடப்பதில்லை, தக்க செயற்பாடுகளாலேயே கடக்கின்றனர் என்பது அவர்தம் கோட்பாட்டின் சாரம்.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படவேண்டும் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளியிலும் நடைமுறைக்கு வந்தது. 2009 சூலையில் அதனைக் கைவிட முடிவாகி, பின்னர் அது படிப்படியாக நீங்கியது. அக்கொள்கை பற்றிய விவாதம் பெரும்பாலும் மொழியுரிமை சார்ந்தும் ஆங்கிலத்தின் பயன் சார்ந்தும் நடந்தது. நாம் இங்கு வேறொரு கோணத்தை முன்வைக்கிறோம். பெருக்கல் வாய்பாட்டை எந்த மொழியிலும் ஒப்பிக்கலாம். ஆய்ந்தறி செயற்பாட்டை அவ்வாறு செய்ய இயலாது. ‘இப்படித் திருப்பினால் அது இதன்மேல் பொருந்தும், ஏனெனில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்று’ என ஓர் எட்டு வயதுப் பிள்ளை தடுமாறித் தடுமாறிக் காரணம் கூறும் பொழுதே சிந்தனை உருவாகிறது. அத்தடுமாற்றத்திற்கு இடந்தரும் மொழி, பிள்ளை வீட்டில் பேசும் மொழியே. தோட்டப்புறப் பிள்ளைக்கு அது தமிழ். தமிழ்வழிக் கணிதத்திற்கு ஆதரவான வாதங்களுள் உணர்ச்சி கலவாத வலுவான வாதம் இதுவே என்று கருதுகிறோம்.

2011இல் தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமும், 2017 முதலான அதன் திருத்தமும் காரணம் கூறல், தொடர்பாடல், தொடர்புபடுத்தல் ஆகியவற்றைக் கணிதச் செயல்முறைகளாக வெளிப்படையாகக் கூறுகின்றன. 2013ஆம் ஆண்டுக் கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனையை வலியுறுத்தியது. 2021இல் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. ஆய்ந்தறி முறைக்குத் தேர்வு தடை என்று முன்னர்க் கூறப்பட்ட காரணம் தொடக்கப்பள்ளியில் பெரிதும் நீங்கியுள்ளது. எனினும் எட்டாம் ஆண்டு மாணவருக்கான பன்னாட்டுக் கணித மதிப்பீட்டில் மலேசியா பெற்ற சராசரி 1999இல் 519, 2011இல் 440, 2019இல் 461, 2023இல் 411. ஆவணத்தில் உள்ள நோக்கம் வகுப்பறையை அடையவில்லை என்ற ஐயத்தை இவ்வெண்கள் எழுப்புகின்றன.

இடஞ்சார் திறன் பிறவிப்பேறன்று என்பதை அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2013இல் டேவிட் உட்டாலும் பிறரும் 217 ஆய்வுகளைத் தொகுத்து, பயிற்சியால் அத்திறன் வளர்கிறது என்று கண்டனர். சராசரி விளைவளவு 0.47. 2022இல் சாக்கரி ஹாவ்ஸ் முதலியோர் 29 ஆய்வுகளைத் தொகுத்து, அப்பயிற்சி கணித அடைவையும் உயர்த்துகிறது என்றனர், விளைவளவு 0.28. இது பேரளவன்று, ஆனால் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

நிலத்திலிருந்து மூன்று செயற்பாடுகள்

மேற்கூறிய வரலாறு வகுப்பறைக்கு என்ன தருகிறது? தோட்டத்தின் வடிவியலிலிருந்து எழும் மூன்று செயற்பாடுகளை இங்கு விளக்குவோம். இவற்றுக்குத் தாள், சுண்ணக்கட்டி, காலித் தகரக்குவளை, மணிக்கற்கள், சிறு கனச்சதுரக் கட்டைகள் ஆகியன போதும்.

முதலாவது, புள்ளிக் கோலம். 1, 3, 5, 7, 5, 3, 1 என நேர்ப்புள்ளி இடுமாறு மாணவரைப் பணிக்கலாம். மொத்தம் 25 புள்ளிகள். கூட்டாமல் எண்ண வழியுண்டா என்பதே வினா. கோலத்தைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளை, நான்குக்கு நான்கான ஒரு சதுரமும், அதன் இடைவெளிகளில் மூன்றுக்கு மூன்றான மற்றொரு சதுரமும் இருப்பதைக் காணும். 16உம் 9உம் சேர்ந்து 25. அடுத்து, 7 புள்ளியில் தொடங்கி 4 வரை ஊடுபுள்ளி. நிரைகள் 4, 5, 6, 7, 6, 5, 4; மொத்தம் 37. நடுப்புள்ளியிலிருந்து வளையம் வளையமாக எண்ணினால் 1, 6, 12, 18. வளையங்களைச் சேர்த்துக்கொண்டே செல்ல 1, 7, 19, 37 என்னும் அறுகோண எண்கள் தோன்றும். இவ்வெண்களை மீண்டும் ஒன்றோடொன்று கூட்டினால் 1, 8, 27, 64 என்னும் கன எண்கள் கிடைக்கின்றன. ஏன்? நான்கு அலகுக் கனச்சதுரம் ஒன்றின் மூலையை நேராக நோக்கினால், நம் கண்ணுக்குத் தெரியும் மூன்று முகங்களில் உள்ள சிறு கட்டைகள் 64இலிருந்து 27ஐக் கழித்த 37. அதன் புறவடிவம் அறுகோணம். வாசற்கோலம் இவ்வாறு முப்பரிமாணப் பொருளின் தோற்றமாகிறது. இதனை ஆறாம் ஆண்டு மாணவர் கட்டைகளை அடுக்கியே காணமுடியும்.

இரண்டாவது, செம்பனை நடவு. இரப்பர் இருந்த நிலங்களில் பெரும்பகுதி 1960களுக்குப் பின் செம்பனைக்கு மாறியது. செம்பனையைச் சதுரமாக நடாமல் சமபக்க முக்கோணமாக நடுவதே வழக்கம். மரத்துக்கு மரம் 9 மீட்டர் எனக் கொண்டால், சதுர நடவில் ஒரு மரத்திற்கு 81 சதுர மீட்டர். எக்டருக்கு ஏறத்தாழ 123 மரங்கள். முக்கோண நடவில் நிரைகளுக்கு இடையே 7.8 மீட்டரே போதும். எக்டருக்கு ஏறத்தாழ 143 மரங்கள். இரு மரங்களுக்கு இடையிலான தொலைவைக் குறைக்காமலேயே 20 மரங்கள் எவ்வாறு கூடின? விடையை ஆசிரியர் கூறவேண்டா. ஒரே அளவான மணிக்கற்களை ஒரு தட்டில் இரு வகையாகவும் பரப்பி, எதில் வெற்றிடம் மிகுதி என மாணவர் காணட்டும். அப்போது யாரேனும் ஒரு பிள்ளை, இது ஊடுபுள்ளியாயிற்றே என்று கூறினால், அதுவே அப்பாடத்தின் சிறந்த விளைவு. பாட்டி வாசலில் இட்ட அடுக்கும் நிறுவனம் நிலத்தில் நட்ட அடுக்கும் ஒன்றே.

மூன்றாவது, பால்வெட்டுக் கோடு. தகரக்குவளையைத் தாளால் சுற்றி, பாதிச் சுற்றளவுக்குச் சாய்வான வெட்டு ஒன்றை வரையச் செய்யலாம். தாளைப் பிரித்து விரித்தால் அவ்வளைகோடு என்னவாகும் என முன்னதாகவே ஊகிக்கவேண்டும். வளைந்தே இருக்கும் என்று பலர் கூறுவர். சாய்வு மாறாமல் வரைந்திருந்தால் அது நேர்கோடாகவே விரியும். 60 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தில் பாதி 30 சென்டிமீட்டர். 30 பாகைச் சாய்வில் வெட்டின் இரு முனைகளுக்கிடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். வெட்டின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். இதனைக் கணக்கிடத் தொடக்கப்பள்ளி மாணவருக்கு முக்கோணவியல் வேண்டியதில்லை; கட்டத்தாளில் வரைந்து அளந்தால் போதும். நீள் உருளையை விரித்தால் செவ்வகம் என்ற பாடநூல் வரி, அப்போது தம் முன்னோரின் கைத்தொழிலோடு சேர்ந்து பொருள்பெறும்.

இவற்றுள் வாய்பாட்டிற்கும் இடமுண்டு. 16உம் 9உம் உடனே நினைவுக்கு வரும் பிள்ளைக்கே சாய்ந்த சதுரம் விரைவில் புலப்படும். நினைவாற்றலும் ஆய்வும் பகைமையுடையன அல்ல. எண்சுவடி மரபு அதனை அறிந்திருந்தது.

முடிவுரை

நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறுகின்றன. மக்கள் நகர்ந்துவிட, தோட்டப் பள்ளிகள் பல 150க்கும் குறைந்த மாணவருடன் இயங்குகின்றன. குறைந்த மாணவர் என்பது அப்பள்ளிகளை மூடுவதற்கான காரணமாகவே பேசப்படுகிறது. ஆய்ந்தறி முறையின் நோக்கில் அது அரிய வாய்ப்பு. ஒவ்வொரு பிள்ளையின் காரணங்கூறலையும் ஆசிரியர் முழுமையாகச் செவிமடுக்கக்கூடிய வகுப்பு, நாற்பது பேர் அமர்ந்த நகரப் பள்ளியில் கிட்டாது. இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழிக்கு மாறவிருக்கும் மாணவருக்கு, தமிழில் கட்டியெழுப்பிய காரணங்கூறும் பழக்கம் இழப்பாகாது. சொற்கள் மாறும், பழக்கம் உடன்செல்லும்.

இதற்கு இரண்டு தேவை. ஆசிரியர் பயிற்சியில் கோலமும் தாள்மடிப்பும் நில அளவையும் கலைக்கல்விக்கு உரியனவாக மட்டுமன்றிக் கணிதத்திற்கு உரியனவாகவும் கற்பிக்கப்படவேண்டும். தோட்டத்தில் உழைத்த தலைமுறையினரின் நிரை, வெட்டு, படி, முளை பற்றிய சொற்களும் செய்முறைகளும் அவர்கள் உள்ளபோதே பதிவுசெய்யப்படவேண்டும். தோட்டச் சொல்லகராதி என்பது மொழியியலாரின் பணி மட்டுமன்று, கணித ஆசிரியரின் பணியும் ஆகும்.

1912ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று எண்ணியது. அப்பிள்ளைகள் என்ன சிந்திக்கக்கூடும் என்று அது வினவவில்லை. அவ்வினாவை எழுப்பும் பொறுப்பு இன்று தமிழாசிரியர்களிடமும் நம் போன்ற பல்கலைக்கழகத் துறைகளிடமும் உள்ளது.